மலையிலிருந்து கடலுக்கு ஒரு பேருந்து

கேமரன் மலைத் தேயிலைச் சரிவுகளில் பெய்யும் மழையில் ஒரு பங்கு தெலோம் ஆற்றில் இறங்கி, ஜெலாயோடு கலந்து, பகாங் ஆறாகப் பெருத்து, பெக்கான் பக்கம் தென்சீனக் கடலைச் சேர்கிறது. தீபகற்ப மலேசியாவின் மிக நீளமான ஆறு அது. நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று எழுந்ததும் அந்தக் கடல் பகாங் கரையில் உயர்ந்து அடிக்கத் தொடங்கும். மீன்பிடிப் படகுகள் கரையேறிவிடும். தீவுகளில் பல தங்குவிடுதிகள் கதவடைக்கும். குவாந்தானுக்கு வடக்கே செராத்திங்கில் மட்டும் ஆட்கள் பலகையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை நோக்கி ஓடுவார்கள். மலேசியாவில் அலைச்சறுக்கு என்றதும் முதலில் நினைவுக்கு வரும் கரைகளில் ஒன்று அது.

மலையும் பகாங், கடலும் பகாங். காலையில் தானா ராத்தாவில் புறப்பட்டால் பொழுது சாய்வதற்குள் செராத்திங் போய்ச் சேர்ந்துவிடலாம். இருந்தும் போ தோட்டத்திலும் சுங்கை பாலாசிலும் புளூ வேலியிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் அந்த அலைக்குப் போக யாரும் ஒரு வழி போட்டுத் தரவில்லை. போட்டுத் தர வேண்டும். அலைச்சறுக்கையும் அதைவிடக் கடினமான அலை விண்ட்சர்ஃபிங்கையும் பணக்காரர் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவதற்கு முன், கடல் விளையாட்டுகளில் பெயரெடுத்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள், எப்படிப் பழகினார்கள் என்று பார்ப்பது நல்லது.

விண்ட்சர்ஃபிங்கில் பலகையின் மேல் பாய் நிற்கும். 1960களின் பிற்பாதியில் கலிஃபோர்னியாவில் ஜிம் டிரேக், ஹாய்ல் ஸ்வைட்சர் என்ற இருவர், எந்தப் பக்கமும் சாயக்கூடிய மூட்டு ஒன்றால் பாய்மரத்தைப் பலகையோடு இணைத்தார்கள். படகில் பாய்மரம் தானாக நிற்கும். இதிலோ ஆட்டக்காரரின் இரண்டு கைகள்தான் அதை நிறுத்திப் பிடிக்கின்றன. கை தளர்ந்தால் பாய் தண்ணீரில் விழும். அமைதியான நீரில் ஓட்டப் பந்தயமாகத் தொடங்கிய இதை ஹவாய்த் தீவுக்காரர்கள் அலைக்குள் கொண்டுபோனார்கள். காலை மாட்டிக்கொள்ளப் பலகையில் பட்டைகளும், பாயின் இழுப்பை இடுப்பால் தாங்க ஒரு வாரும் வந்த பிறகு, அலையின் முகட்டிலிருந்து ஆகாயத்தில் எழும்பவும் முடிந்தது. ஹவாயின் கைலுவாவில் வளர்ந்த ராபி நேஷ் 1976-இல் உலகப் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 13.

அலை விண்ட்சர்ஃபிங் போட்டியில் கடக்க வேண்டிய கோடும் கிடையாது, ஓட வேண்டிய தூரமும் கிடையாது. சில நிமிடங்கள் நீடிக்கும் ஒரு சுற்றில் இரண்டு பேரோ நான்கு பேரோ கடலில் இறங்குவார்கள். கரையில் உட்கார்ந்திருக்கும் நடுவர்கள் இரண்டு விஷயங்களுக்கு மதிப்பெண் போடுவார்கள். கடலை நோக்கிப் போகும்போது வரும் அலையை ஏணியாக்கி எப்படித் தாவுகிறார் என்பது ஒன்று. திரும்பிக் கரையை நோக்கி வரும்போது அந்த அலையின் முகத்தில் எப்படி வளைந்து வெட்டிச் சறுக்குகிறார் என்பது மற்றொன்று. ஹவாயின் மாவி தீவிலுள்ள ஹூக்கிப்பாவில் சறுக்கு மட்டுமே கணக்கு. ஸ்பெயினுக்குச் சொந்தமான கிரான் கனாரியா தீவின் போசோவிலோ தாவல்தான் ஆட்டத்தைத் தீர்மானிக்கும். ஒரு கரையில் ராஜாவாக இருப்பவர் இன்னொரு கரையில் முதல் சுற்றிலேயே வெளியேறுவதும் உண்டு. காற்று வலப்பக்கத்திலிருந்து வருகிறதா, இடப்பக்கத்திலிருந்து வருகிறதா என்பதே ஆட்டத்தைப் புரட்டிப் போட்டுவிடும். வலக்கால் முன்வைத்துப் பத்து வருடம் பழகியவர், காற்று மாறியதும் இடக்கால் முன்வைத்துத் தாவியாக வேண்டும்.

இந்த ஆட்டக்காரரின் நாள் காற்றைப் பார்ப்பதில்தான் தொடங்குகிறது. கைபேசியில் முன்னறிவிப்பு இருந்தாலும், கரையில் நின்று தண்ணீரின் நிறத்தையும் நுரை பறக்கும் திசையையும் பார்க்காமல் யாரும் பாய் கட்டுவதில்லை. கரைக்கு இணையாக வீசும் காற்றுதான் அலை விண்ட்சர்ஃபருக்கு வேண்டியது. கரையை நோக்கி நேராக வீசினால் அலை நொறுங்கிவிடும், வெளியே போகவும் முடியாது. கரையிலிருந்து கடலை நோக்கி வீசினால் பாய் கிழிந்தவர் நடுக்கடலுக்குப் போய்விடுவார். காற்று மிதமாக இருந்தால் ஐந்து சதுர மீட்டர் பாய். மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டினால் மூன்றரை சதுர மீட்டர். எண்பது, தொண்ணூறு லிட்டர் கன அளவுள்ள குட்டைப் பலகை. நின்றால் மூழ்கும், ஓடினால்தான் மிதக்கும் அளவுக்குச் சிறியது. கயிற்றை எவ்வளவு இழுத்துக் கட்டுவது, பலகைக்கு அடியில் எந்தத் துடுப்பைப் பொருத்துவது என்பதையெல்லாம் ஒவ்வொரு நாளும் புதிதாகத் தீர்மானிக்க வேண்டும்.

பிறகு தண்ணீர். கடலில் விழுந்தவர், கிடந்தபடியே பாயின் ஓரத்தைக் காற்றுக்குக் கொடுத்து, காற்றே தன்னைப் பலகை மேல் தூக்கி நிறுத்தும்படி செய்ய வேண்டும். இதைப் பழகாதவருக்கு அலைக்குள் வேலையில்லை. அமைதியான நீரில் இதை அறிவதற்கே மாதக்கணக்கில் ஆகும். ஒரு அலை உடைந்து அடுத்தது வருவதற்குள், சில நொடிகளில் அதைச் செய்துமுடிக்க வருடங்கள் ஆகும். அதன் பின்னர்தான் முன்குட்டிக்கரணம். அலை முகட்டில் எழும்பி, பாயை இழுத்து மூடி, தலைகுப்புறச் சுழன்று மீண்டும் தண்ணீரில் இறங்க வேண்டும். பலரும் பயிற்சியில் நின்றுபோவது இந்த இடத்தில்தான். கைக்கு வழி தெரிந்தாலும், தலைகீழாகப் போக மனம் ஒப்புவதில்லை. உச்ச நிலையில் இருப்பவர்கள் ஒரே தாவலில் இரண்டு கரணம் அடிக்கிறார்கள்.

காற்றில்லாத நாளுக்கும் வேலை உண்டு. நீச்சல், மூச்சடக்கும் பயிற்சி, தோளுக்கும் முதுகுக்கும் முன்கைத் தசைநாருக்கும் தனித்தனிப் பயிற்சி. பட்டையில் மாட்டிய கால் விடுபடாமல் பலகை திரும்பினால் கணுக்கால் போகும், முழங்கால் போகும். ஒரு காயம் ஒரு பருவத்தையே விழுங்கிவிடும். சம்பாத்தியமும் பெரிதல்ல. அலை விண்ட்சர்ஃபிங் ஒலிம்பிக்கில் இல்லை. 1984 முதல் ஒலிம்பிக்கில் இருப்பது ஓட்டப் பந்தய விண்ட்சர்ஃபிங். ஆகவே உலகத் தரவரிசையில் இருப்பவர்கள்கூடப் பலகை நிறுவனங்களுக்குச் சோதனை ஓட்டம் செய்தும், வகுப்பெடுத்தும், படம்பிடித்துக் கொடுத்தும் பிழைக்கிறார்கள். கோடையில் கனாரித் தீவுகள், இலையுதிர் காலத்தில் ஜெர்மனியின் சில்ட் தீவு, பிறகு மாவி, ஆண்டிறுதியில் கேப் டவுன் என்று காற்றைத் துரத்திக்கொண்டு, ஆளுயரத்துக்கு மேல் நீளும் பைகளை விமானத்தில் ஏற்றி இறக்கும் வாழ்க்கை அது. பிடிவாதமும் பொறுமையும் சேர்ந்தவர்களுக்கே அது வசப்படும்.

இத்தனை கடினமான விளையாட்டில் முன்னணிக்கு வந்தவர்கள் எப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்தார்கள்? போசோ ஒரு வறண்ட கிராமம். கறுப்புக் கற்கள் நிறைந்த கரை, ஓயாத காற்று, சுற்றுலாக்காரர் படுத்து வெயில் காயத் தோதில்லாத இடம். அந்தக் கரையில் பழகிய இரட்டைச் சகோதரிகளான டாய்டாவும் இபாய்யா மொரேனோவும் பெண்களுக்கான உலகப் பட்டங்களை ஆண்டுக்கணக்கில் தங்களுக்குள்ளேயே பங்கிட்டுக்கொண்டார்கள். அதே தீவில் ஜெர்மன் பெற்றோருக்குப் பிறந்த பிலிப் கோஸ்டர் எட்டு வயதில் பலகை ஏறினார். 2011-இல் உலகப் பட்டம் வென்றபோது வயது 17. ஒரு சிறிய தீவில் இத்தனை பேர் உருவாகக் காற்று மட்டும் காரணமாக இருக்க முடியாது. காற்று வீசும் கரைகள் உலகில் ஏராளம். அங்கே மாலையில் பள்ளி விட்டதும் பிள்ளைகள் கடலுக்குப் போக முடிந்தது. முன்னால் போன அக்காளும் அண்ணனும் அதே தண்ணீரில் இருந்தார்கள். விழுந்தால் தூக்கிவிட ஆள் இருந்தது.

இந்தத் தீவுக்குத் தமிழர் தொடர்பும் ஒன்று உண்டு. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் ஒலிம்பிக்குக்குத் தயாரானது கிரான் கனாரியாவில், ஹங்கேரியப் பயிற்சியாளர் ஒருவரிடம். அவருடையது ஒற்றையாள் பாய்மரப் படகு. தமிழ்நாட்டுப் பாய்மரப் படகுச் சங்கத்தின் கோடைகால முகாமில் 12 வயதில் முதன்முதலாகப் படகேறியவர், பாய்மரப் படகுப் போட்டியில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணாக 2021-இல் டோக்கியோவுக்குப் போனார். 2024-இல் பாரிசுக்கும் போனார். எல்லாவற்றுக்கும் தொடக்கம் ஒரு கோடைகால முகாம்தான் என்பதைக் கேமரன் மலைக்காரர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

கோவளத்தின் கதை இன்னும் நெருக்கமானது. சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் அந்த மீனவக் கிராமத்தில் பிறந்தவர் மூர்த்தி மேகவன். பிள்ளைப் பருவத்தில் மரப்பலகையை நெஞ்சுக்கடியில் வைத்து அலையில் சறுக்கியவர். கட்டுமரத்தில் தொழிலுக்குப் போகும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, அவ்வளவுதான். உலகத்தில் அதற்கென்று பலகையும் போட்டியும் பட்டமும் இருப்பது தெரியாது. சென்னையில் வேலை செய்துகொண்டிருந்த இஸ்ரேலிய ஒலிப்பதிவுக் கலைஞர் யோத்தம் அகாம் தன் பலகையை அவருக்குக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பிறகு, விண்ட்சர்ஃபிங்கில் பழகிய சென்னைத் தொழிலதிபர் அருண் வாசு துணைக்கு வந்தார். 2012-இல் கோவளத்தில் அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கியது. அடுத்த ஆண்டே அலைச்சறுக்குத் திருவிழா. கட்டணம் கட்டிப் பழக வரும் நகரத்தாரின் பணத்தில் பள்ளி நடந்தது; ஊர்ப் பிள்ளைகளுக்குப் பலகை இலவசம். குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது என்பது நிபந்தனை.

அந்தக் கரையிலிருந்து தேசியப் பட்டம் வென்றவர்கள் வந்தார்கள். நின்றபடி துடுப்புப் போடும் பலகைப் போட்டியில் சேகர் பச்சை இந்தியாவின் முன்னணி வீரரானார். பக்கத்து ஊரான மாமல்லபுரத்தில், மீன் விற்ற தாயின் உழைப்பில் வளர்ந்த கமலி மூர்த்தி என்ற சிறுமியைப் பற்றிய ஆவணப்படம் பிரிட்டனின் பாஃப்டா விருதுப் பரிந்துரைப் பட்டியல் வரை போனது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது. அதில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். ஆசியப் போட்டியின் தனிநபர் பிரிவில் ஓர் இந்தியர் பதக்கம் பெற்றது அதுவே முதல் முறை. 2026-இல் ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் நடக்கும் ஆசிய விளையாட்டுப் போட்டியில் அலைச்சறுக்கு முதன்முறையாக இடம்பெறுகிறது.

பதக்கங்களைவிடப் பெரிய மாற்றம் ஒன்று கோவளத்தில் நடந்திருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு, பிள்ளைகளைத் தண்ணீருக்கு அனுப்ப அஞ்சிய தாய்மார் தமிழகக் கரை நெடுகிலும் இருந்தார்கள். அப்படிப்பட்ட கரையில், கடலைப் படித்த இளைஞர்கள் பயிற்சியாளர்களாகவும் உயிர்காப்பாளர்களாகவும் சம்பளம் வாங்குகிறார்கள். உடைந்த பலகையை ஒட்டிச் சீர்செய்வது ஒரு தொழிலாகியிருக்கிறது. வாடையும் கொண்டலும் கச்சானும் எப்போது வீசும், அலை எந்தக் கல்லில் திரும்பும் என்று பாட்டன் காலத்திலிருந்து வந்த அறிவு, சந்தையில் விலைபோகும் அறிவாகியிருக்கிறது. ஊரை விட்டு ஓடாமல் ஊரிலேயே பிழைக்க ஒரு வழி கிடைத்தது.

மீனவப் பிள்ளைக்குக் கடல் வீட்டு வாசல். மலையில் பிறந்த பிள்ளைக்கு அதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் போபாலில் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்துக்குக் கடற்கரையே கிடையாது. போபாலிலிருந்து எந்தக் கடலுக்குப் போவதானாலும் பல நூறு கிலோமீட்டர். ஆனால் அங்கே மன்னர் போஜன் காலத்துப் பெரிய ஏரி ஒன்று இருக்கிறது. அதன் கரையில் பாய்மரப் படகுப் பயிற்சிக்கூடம் ஒன்று நடக்கிறது. அங்கே பழகிய ஈபாத் அலி, 2023-இல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆண்களுக்கான ஆர்எஸ்:எக்ஸ் விண்ட்சர்ஃபிங்கில் வெண்கலம் வென்றார். அதே பயிற்சிக்கூடத்தில் பழகிய, தேவாஸ் மாவட்டத்து விவசாயி மகள் நேகா தாக்கூர், சிறிய வகைப் பாய்மரப் படகில் வெள்ளி வென்றார். கடலோரத்தில் பிறந்தவர்கள் கோடிக்கணக்கில் இருக்கும் நாட்டில், அந்தப் பதக்கங்கள் கடலே இல்லாத ஊருக்குப் போயின. ஈபாத் அலியின் பந்தயம் அலைக்குள் நடப்பதல்ல என்பது உண்மை. பாயைப் பிடிக்கவும், காற்றை வாசிக்கவும், விழுந்து எழவும் அவர் பழகியது ஏரியில் என்பதும் உண்மை. அலை அதற்கு அடுத்த படி.

கேமரன் மலையில் விளையாட்டுக்குத் தேவையான உடலும் உறுதியும் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. நெடுந்தூர ஓட்டக்காரர் எம். இராமச்சந்திரன் இந்த மலையின் பிள்ளை. 1993 சிங்கப்பூர் சீ விளையாட்டுப் போட்டியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். அடுத்த ஆண்டு 10,000 மீட்டரை 29 நிமிடம் 30 விநாடியில் ஓடித் தேசியச் சாதனை படைத்தார். மேடும் பள்ளமுமான தோட்டப் பாதைகளில் வளரும் பிள்ளைகளின் காலும் நெஞ்சும் எப்படிப்பட்டவை என்பதற்கு அவர் சாட்சி. அதற்கும் முன்பே, 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் எம். ஜெகதீசன் மூன்று தங்கமும், எம். இராஜாமணி 400 மீட்டரில் தங்கமும் வென்று மலேசியத் தமிழரின் ஓட்டத்தை ஆசியா பார்க்கச் செய்தார்கள். இன்று ஸ்குவாஷில் சிவசங்கரி சுப்பிரமணியம் ஹாங்சோவில் தங்கம் வென்றவர். பூப்பந்து இரட்டையரில் தீனா முரளிதரன் 2025 உலகப் போட்டியில் வெள்ளி வென்றவர். திடல் இருந்த இடத்தில் ஓட்டக்காரர்கள் வந்தார்கள், ஆடுகளம் கிடைத்த இடத்தில் ஆட்டக்காரர்கள் வந்தார்கள். தண்ணீரை மட்டும் நம் பிள்ளைகளுக்கு யாரும் திறந்துவிடவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. 1929-இல் ஜே. ஏ. ரசல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து, தென்னிந்தியாவிலிருந்து வந்த குடும்பங்கள் இந்தச் சரிவுகளில் கொழுந்து பறித்தன. லயத்து வாழ்க்கையில் தண்ணீர் என்றால் குழாயடி, ஆறு, மழை. ஆறு துணி துவைக்க. குளிக்கப் போனால் பெரியவர்கள் அதட்டுவார்கள். அந்த அச்சம் வெறும் மூடநம்பிக்கையும் அல்ல. 2013 அக்டோபர் 23 அதிகாலை, சுல்தான் அபுபக்கர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் புகுந்து உயிர்களைப் பறித்தது. அந்த இரவை நேரில் பார்த்த தாயிடம் போய், பிள்ளையைக் கடலுக்கு அனுப்புங்கள் என்று கேட்பது சுலபமில்லை. ஆனால் தண்ணீரைக் கண்டு ஒதுங்கி நிற்பதால் யாரும் காப்பாற்றப்படுவதில்லை. பள்ளி விடுமுறையில் அருவிக்கும் ஆற்றுக்கும் போன மாணவர்கள் மூழ்கிய செய்தி இந்நாட்டு நாளிதழ்களில் ஆண்டுதோறும் வருகிறது. நீந்தத் தெரியாத பிள்ளைக்குக் கடலும் ஆபத்து, ஆறும் ஆபத்து, குட்டையும் ஆபத்து.

ஆகவே தொடங்க வேண்டிய இடம் நீச்சல். பாயும் பலகையும் பிறகு. தமிழ்ப்பள்ளியின் நான்காம் ஆண்டு மாணவர்கள் ஒவ்வொருவரும் நீந்தவும், பத்து நிமிடம் கைகால் தளராமல் மிதக்கவும் அறிந்துகொள்ள வேண்டும். மலையில் இருக்கும் பள்ளிகள் சிறியவை; ஒரு வகுப்பையே ஒரு பேருந்தில் ஏற்றிவிடலாம். கீழே தாப்பாவிலோ ஈப்போவிலோ நீச்சல் குளத்துக்குப் போய்வர ஆகும் செலவு, ஒரு பள்ளியின் ஆண்டுவிழாச் செலவோடு ஒப்பிடப் பெரிதாக இருக்காது. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இதைக் கேட்டால் நடக்கும். கேட்கவேண்டியதுதான் பாக்கி.

நீந்தத் தெரிந்த பிள்ளைகளை ஏப்ரல் முதல் அக்டோபர் வரை கிழக்குக் கரைக்கு அழைத்துப் போகலாம். அந்த மாதங்களில் பகாங் கடல் அடங்கியிருக்கும். நுரைப்பலகையில் படுத்துக் கையால் துடுப்புப் போடவும், சிறிய அலையில் எழுந்து நிற்கவும், கரையோரத்து இழுவையில் மாட்டினால் எதிர்நீச்சல் போடாமல் பக்கவாட்டில் ஒதுங்கி வெளியே வரவும் அங்கே பழகலாம். இந்தக் கடைசிப் பாடம் ஒன்று போதும், அந்தப் பேருந்துக் கட்டணம் வசூலாகிவிடும். பாயைப் பிடிப்பதும் இந்த அமைதியான பருவத்தில்தான் தொடங்க வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரையிலான பருவக்காற்று அலைக்கு, சிவப்புக் கொடி பறக்கும் நாள்களை மதிக்கப் பழகிய, பயிற்சியாளர் தகுதிச் சான்று கொடுத்த பிள்ளைகள் மட்டுமே இறங்கலாம். இதில் விட்டுக்கொடுப்பே கூடாது. பகாங்கின் மழைக்கால அலைகள் தொலைவிலிருந்து ஒழுங்காக வரிசையாக வருபவை அல்ல. அருகிலுள்ள காற்றே கிளப்பிவிடும், நெருங்கி நெருங்கி உடையும் அலைகள். பழகியவரையும் அவை களைப்படையச் செய்யும். அதே காரணத்தால், அவற்றில் பழகியவர் எந்தக் கடலிலும் நிற்பார்.

சாமான் விலையைச் சொல்லி மறுப்பவர்களுக்கும் பதில் உண்டு. புதிய பலகை, பாய், பாய்மரம், கைப்பிடி வளையம் எல்லாம் சேர்ந்தால் பல ஆயிரம் ரிங்கிட் ஆகும். ஒரு தோட்டக் குடும்பம் அதை நினைத்துப் பார்க்கவும் முடியாது. கோவளத்திலும் எந்த மீனவக் குடும்பமும் பலகை வாங்கித் தரவில்லை. பலகை பள்ளியுடையது, பிள்ளைகள் முறைவைத்து எடுத்தார்கள். பாய்மர விளையாட்டில் ஐரோப்பாவிலும் பலர் பழகுவது மன்றத்துச் சாமானில், அல்லது இரண்டாம் கைச் சாமானில். தேயிலைப் பெட்டியில் கேமரன் மலையின் படத்தைப் போட்டு விற்கும் நிறுவனங்கள், அந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கும் லயத்துப் பிள்ளைகளுக்குப் பத்துப் பலகை வாங்கித் தருவது பெரிய தருமம் அல்ல, நியாயமான கடமை. மித்ரா போன்று இந்தியச் சமூக மேம்பாட்டுக்கு என்றே இருக்கும் அரசு நிதியில், கணினி வகுப்புக்கும் தையல் வகுப்புக்கும் கிடைக்கும் இடம் நீச்சலுக்கும் கடல் பயிற்சிக்கும் கிடைக்க வேண்டும். லங்காவியில் தேசியப் பாய்மரப் படகு மையம் இருக்கிறது. ஆண்டுக்குச் சில பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து அங்கே அனுப்பி, காற்றை அறிந்தவர்களாகத் திருப்பி அழைத்துவரலாம்.

படிப்பு கெட்டுவிடும் என்ற கவலை தமிழ்ப் பெற்றோரிடம் ஆழமாக இருக்கிறது. தோட்டத்தை விட்டு வெளியேற ஒரே படி படிப்புதான் என்று மூன்று தலைமுறையாகச் சொல்லி வளர்த்தவர்கள் அவர்கள்; அதில் தவறு காண முடியாது. ஆனால் தோட்டத்தில் இன்று கொழுந்து பறிப்பதில் பெரும்பங்கு வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர்களின் கையில். தமிழ் இளைஞர்கள் காய்கறித் தோட்டத்துக்கும் விடுதி வேலைக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இறங்கிப் போகிறார்கள். கிழக்குக் கரையில் உயிர்காப்பாளர், கடல் விளையாட்டுப் பயிற்சியாளர், பாய் தைப்பவர், பலகை சீர்செய்பவர் என்று வேலைகள் இருக்கின்றன. அவற்றில் தமிழ்ப் பெயர்களும் இருக்க வேண்டும். எல்லோரும் போட்டிக்காரர் ஆகமாட்டார்கள். போசோவிலும் எல்லோரும் ஆகவில்லை. நூறு பிள்ளைகள் கடலைப் பழகினால், அதில் ஒருவர் உலகப் போட்டிக்குப் போகக்கூடும். மற்றவர்கள் தண்ணீரில் பிழைக்கத் தெரிந்தவர்களாகவாவது திரும்புவார்கள்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் எதிர்ப்பு இன்னும் கடுமையாக வரும். கறுத்துவிடுவாள், உடை சரியில்லை, யார் கண்ணில் படும் என்று தொடங்குவார்கள். இலங்கையின் கிழக்கே அறுகம்பையிலும் இதையேதான் சொன்னார்கள். அங்கே தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் வாழும் கரையில் உலகம் முழுவதிலுமிருந்து வந்தவர்கள் சறுக்கிக்கொண்டிருக்க, ஊர்ப் பெண்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2018-இல் அவர்களே ஒரு பெண்கள் அலைச்சறுக்கு மன்றம் தொடங்கினார்கள். அந்நாட்டில் பெண்களுக்கென்று அமைந்த முதல் மன்றம் அது. உடலை மூடும் நீச்சலுடையில் அவர்கள் அலையில் இறங்குகிறார்கள். உடை ஒரு தடையே அல்ல என்பதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். கேமரன் மலைப் பிள்ளைகளின் முதல் பேருந்தில் பாதி இருக்கை பெண் பிள்ளைகளுக்கு என்று தொடக்கத்திலேயே எழுதிவைத்துவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அந்தப் பிறகு வராது.

எந்தத் தாயும் கேட்கப்போகும் முதல் கேள்வி, தண்ணீரில் என் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார் என்பது. அதற்குத் தெளிவான பதில் தயாராகும் வரை பேருந்து புறப்படக் கூடாது. பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர்கள் தண்ணீருக்குள்ளேயே, கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கரையில் தலைகளை எண்ணிக்கொண்டிருக்க ஓர் ஆசிரியர். ஒவ்வொரு பிள்ளைக்கும் மிதவைச் சட்டை. முதல் நாள் இடுப்பளவு நீருக்கு மேல் யாரும் போகக் கூடாது. இவற்றைத் தாளில் எழுதி, பெற்றோர் கூட்டத்தில் படித்துக் காட்டி, அவர்களில் சிலரையும் கூடவே அழைத்துப் போக வேண்டும். பகாங் மாநில அரசின் இளைஞர், விளையாட்டுத் துறைப் பொறுப்பாளர்கள் இதை ஒரு முன்னோடித் திட்டமாக எடுத்துக்கொண்டால், ரிங்லெட்டிலிருந்தும் தானா ராத்தாவிலிருந்தும் ஒரு பள்ளி விடுமுறைக்குள் முதல் வண்டியை அனுப்பிவிட முடியும்.